லினக்ஸில் பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு: செருகுவதிலிருந்து கழற்றுவது வரை

லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகுகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. அல்லது திறக்க முடியவில்லை என்று ஒரு பிழைச் செய்தி வந்து நிற்கிறது. யாரிடம் கேட்டாலும் முதலில் கிடைக்கும் பதில், "ஃபார்மட் பண்ணிடுங்க" என்பதுதான். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். இப்படி நிற்கும் டிரைவ்களில் பல நேரம் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு ஒரு சேதமும் இருக்காது. அவற்றை அழித்துவிடப்போவது அந்த ஃபார்மட்தான்.

ஒரு டிரைவ் பயன்பாட்டுக்கு வர மூன்று கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதலில், அப்படி ஒரு கருவி வந்திருப்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தெரிய வேண்டும். அடுத்து, அதில் இருக்கும் பார்ட்டிஷனும் (டிரைவில் பிரித்த பகுதி) ஃபைல் சிஸ்டமும் (கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) புரிய வேண்டும். பிறகு, அது ஏதாவது ஒரு ஃபோல்டரில் மவுண்ட் ஆகி, அதாவது அங்கே இணைந்து, அதில் எழுத உங்களுக்கு அனுமதியும் இருக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது.

உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். பெங்களூரில் புதுப்பித்து விற்கப்படும் பழைய ஆபீஸ் லேப்டாப்பை வாங்கி லினக்ஸுக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் தொடங்குகிறார்கள். ஃபெடோரா வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

கட்டளைகளைப் பற்றி ஒரு குறிப்பு. இங்கே அவற்றைத் தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளியும் கோடும் மாறாமல் தட்டுங்கள். "எஸ்டிபி", "எல்எஸ்பிஎல்கே" என்று வருகிற இடங்களில் உள்ள "பி", பெங்களூரு என்ற பெயர் தொடங்கும் அந்த "பி".

கருவி வந்திருக்கிறதா?

டிரைவைச் செருகுவதற்கு முன் டெர்மினலைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

எல்எஸ்பிஎல்கே

இப்போது டிரைவைச் செருகி, ஐந்து விநாடி பொறுத்து, மறுபடி அதையே தட்டுங்கள். இரண்டாவது பட்டியலில் புதிதாக வந்திருக்கும் வரிதான் உங்கள் டிரைவ். லேப்டாப்பின் உள்ளே இருப்பது சாட்டா டிஸ்க் என்றால் அதன் பெயர் பெரும்பாலும் எஸ்டிஏ. புதிதாக வருவது எஸ்டிபி. உள்ளே என்விஎம்இ எஸ்எஸ்டி இருந்தால் அதன் பெயர் என்விஎம்இ என்றே தொடங்கும்; அப்போது நீங்கள் செருகிய பென் டிரைவே எஸ்டிஏ ஆகிவிடும். அதனால் "பென் டிரைவ் என்றால் எஸ்டிபி" என்று மனப்பாடம் செய்யக் கூடாது. லேப்டாப்பிலேயே இருக்கும் கார்டு துளையில் மெமரி கார்டைப் போட்டால் எம்எம்சிபிஎல்கே0 என்று வரலாம். எஸ்டிபி என்பது முழு டிரைவ். எஸ்டிபி1 அதன் முதல் பார்ட்டிஷன். மவுண்ட் ஆவது பார்ட்டிஷன்.

அளவைப் பார்த்து பயப்பட வேண்டாம். பெட்டியில் 64 ஜிபி என்று போட்டிருப்பது 59.6 என்றும், 1 டிபி ஹார்ட் டிஸ்க் 931 என்றும் தெரியும். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கில் கணக்கிடுகிறார்கள், இந்தக் கட்டளை 1024-இன் மடங்கில் கணக்கிடுகிறது. யாரும் ஏமாற்றவில்லை. ஏமாற்றும் டிரைவ்கள் வேறு உண்டு. அவற்றைப் பிறகு பார்ப்போம்.

புது வரி எதுவும் வரவில்லையா? கெர்னல் என்ன சொல்கிறது என்று நேரடியாகக் கேட்கலாம் (சுடோ என்று தொடங்கினால் கட்டளை நிர்வாகி அதிகாரத்தில் ஓடும்):

சுடோ டிமெஸ்க் -டபிள்யூ

இதை ஓடவிட்டுவிட்டு டிரைவைக் கழற்றிச் செருகுங்கள். ("டிமெஸ்க்" என்பதில் டி-க்குப் பின் எம், இ, எஸ், ஜி.) செருகிய உடனே சில வரிகள் வர வேண்டும். வருகிற வரியைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை:

ஒரு வரிகூட வரவில்லை என்றால் மின்சாரமோ கேபிளோ போர்ட்டோ டிரைவோ செத்திருக்கிறது. வேறு போர்ட், வேறு கேபிள், வேறு கம்ப்யூட்டர் என்று மாற்றிப் பாருங்கள். மொபைல் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் சார்ஜ் கம்பிகள் மட்டுமே இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. டைப்-சி கேஸிங் (டிஸ்க்கைப் போட்டு வெளி டிஸ்க்காக்கும் பெட்டி) வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

"டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் -71" என்றோ "அனேபிள் டு எனுமரேட்" என்றோ வந்தால், கருவி பேச முயன்று தோற்கிறது. கேபிள், போர்ட், போதாத மின்சாரம் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். "ரீசெட்" என்ற வரி திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படியே.

"ஹை-ஸ்பீட்" என்று வந்தால் யூஎஸ்பி 2.0 வேகத்தில், அதாவது நொடிக்கு 480 மெகாபிட்டில் இணைந்திருக்கிறது. "சூப்பர்ஸ்பீட்" என்றால் யூஎஸ்பி 3. யூஎஸ்பி 3 பென் டிரைவ் ஹை-ஸ்பீடில் இணைந்தால் ஒருமுறை கழற்றி, தயங்காமல் சட்டென்று செருகிப் பாருங்கள். மெதுவாகச் செருகும்போது முன்னால் இருக்கும் பழைய தொடர்புகள் முதலில் தொட்டு, டிரைவ் 2.0-விலேயே நின்றுவிடுவது உண்டு.

மொபைல் ஃபோனைச் செருகிவிட்டு இந்தப் பட்டியலில் தேடாதீர்கள். ஆண்ட்ராய்டு ஃபோன் எம்டிபி என்ற வேறு முறையில் பேசுகிறது. அது ஃபைல் மேனேஜரில் வரும், இங்கே வராது.

மின்சாரமும் கேஸிங்கும்

பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த ஹார்ட் டிஸ்க்கை ஒரு கேஸிங்கில் போட்டு வெளி டிஸ்க்காக்குவது பெங்களூரில் எல்லோரும் செய்வது. எஸ்.பி. ரோடு கடைகளில் கேஸிங் கேட்கும்போது கையில் டிஸ்க்கைக் கொண்டுபோங்கள். 2.5 அங்குல லேப்டாப் டிஸ்க்குக்கு ஒரு யூஎஸ்பி கேபிள் போதும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டர் கட்டாயம். அது இல்லாத கேஸிங் வேலைக்கு ஆகாது. எம்.2 எஸ்எஸ்டி என்றால் இன்னும் கவனம் தேவை. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சாட்டா எம்.2 வேறு, என்விஎம்இ எம்.2 வேறு. என்விஎம்இ-க்கு மட்டுமான கேஸிங்கில் சாட்டா எஸ்எஸ்டி தெரியவே தெரியாது.

யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் வரைக்கும், 3.0 போர்ட் 900 வரைக்கும் தர வேண்டும் என்பது விதி. சுழலும் டிஸ்க் கிளம்பும் நேரத்தில்தான் அதிகம் இழுக்கும். "டிக், டிக்" என்று சத்தம் வந்து, டிஸ்க் தோன்றி மறைந்தால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள்: அடாப்டர் இல்லாத ஹப்பை எடுத்துவிட்டு லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள், குட்டையான கேபிளைப் போடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கலாம். கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

சில கேஸிங்குகள் சிறிய கோப்புகளை ஒழுங்காக எழுதும், பெரிய கோப்பில் நடுவழியில் உறைந்துவிடும். அப்போது டிமெஸ்கில் "யூஏஎஸ்" என்று தொடங்கும் வரிகளும் "அபார்ட்" என்ற சொல்லும் வந்தால், கேஸிங்கிலுள்ள சிப்புக்கும் லினக்ஸின் வேகமான யூஏஎஸ் முறைக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அந்தச் சிப்புக்கு மட்டும் யூஏஎஸ்ஸை அணைக்கக் கெர்னல் அமைப்பில் வழி இருக்கிறது. தொடக்கநிலையில் இருப்பவர், கடைக்காரர் ஒத்துக்கொண்டால் கேஸிங்கை மாற்றி வாங்குவதே மேல்.

உள்ளே இருப்பது எந்த ஃபைல் சிஸ்டம்?

டிரைவ் பட்டியலில் வந்துவிட்டது, ஆனால் திறக்கவில்லை. இப்போது:

எல்எஸ்பிஎல்கே -எஃப்

பார்ட்டிஷன் வரியில் விஃபேட் (ஃபேட்32 இங்கே இப்படித்தான் தெரியும்), எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 என்று ஏதாவது ஒன்று இருக்கும். பக்கத்தில் நீளமான எண் இருந்தால் அது யூயூஐடி, அந்தப் பார்ட்டிஷனுக்கே உரிய அடையாள எண்; பிறகு உதவும். அந்த இடம் காலியாக இருந்தால் ஃபைல் சிஸ்டத்தின் தலைப்பகுதி அழிந்திருக்கலாம். கோப்புகள் முக்கியம் என்றால் அதன்மேல் இனி எதையும் எழுதாதீர்கள். "பிட்லாக்கர்" என்று வந்தால் விண்டோஸில் பூட்டிய டிஸ்க். டிஸ்க்ஸ் செயலியில் அதைத் தேர்ந்து பூட்டுச் சின்னத்தை அழுத்திப் பாஸ்வேர்டு கொடுத்தால் திறக்கும்.

எதற்கு எந்த ஃபைல் சிஸ்டம் என்பதில் எங்கள் பரிந்துரை இது.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கவும் கார் ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்கவும் உள்ள பென் டிரைவுக்கு ஃபேட்32. எல்லாக் கருவியும் அதைப் படிக்கும். ஒரே குறை, ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. கல்யாண வீடியோவை ஊருக்கு எடுத்துப்போகும்போது "ஃபைல் டூ லார்ஜ்" என்று நடுவில் நிற்பது இதனால்தான். டிரைவில் காலி இடம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை.

பெரிய கோப்புகளை விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இடையே கொண்டுபோக எக்ஸ்ஃபேட். 2019-இல் மைக்ரோசாஃப்ட் இதன் விவரக்குறிப்பை வெளியிட்டது. 2020-இல் வந்த 5.7 கெர்னலிலிருந்து லினக்ஸில் இதற்கு நல்ல டிரைவர் இருக்கிறது. இன்றைய உபுண்டுவில் செருகினால் திறக்கும். ஃபார்மட் செய்யவும் பழுது பார்க்கவும் மட்டும் ஒரு பொதி (மென்பொருள் தொகுப்பு) தேவை: சுடோ ஆப்ட் இன்ஸ்டால் எக்ஸ்ஃபேட்ப்ராக்ஸ். பழைய டிவிகளில் சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. ஊரிலுள்ள டிவியில் போடவென்றால் கிளம்பும் முன் ஃபோனிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

லினக்ஸில் மட்டும் புழங்கும் பேக்கப் டிஸ்க்குக்கு எக்ஸ்ட்4. கோப்புகளின் உரிமையும் அனுமதியும் அப்படியே காக்கப்படும். திடீரென்று மின்சாரம் போனாலும் ஃபைல் சிஸ்டத்தைச் சீர்செய்துகொள்ள ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேடு இருக்கிறது. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் அது இல்லை.

என்டிஎஃப்எஸ் ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்கை மாற்ற வேண்டியதில்லை. லினக்ஸுக்கென்று புதிதாக அதில் ஃபார்மட் செய்யவும் வேண்டியதில்லை.

மவுண்ட்

உபுண்டுவிலும் மின்ட்டிலும் டிரைவ் தானாகவே மவுண்ட் ஆகும், அல்லது ஃபைல் மேனேஜரின் இடப்பக்கப் பெயரைச் சொடுக்கினால் ஆகும். அது உட்காரும் இடம் மீடியா என்ற ஃபோல்டருக்குள், உங்கள் பயனர் பெயருக்குள், டிரைவின் பெயரில். ஃபெடோராவில் அது ரன் என்ற ஃபோல்டருக்குள் உள்ள மீடியா. டெர்மினலில் செய்ய வேண்டுமானால் இந்தக் கட்டளை நல்லது. சுடோ தேவையில்லை, உரிமைச் சிக்கலும் வராது (இங்கும் இனி வரும் கட்டளைகளிலும் எஸ்டிபி என்ற இடத்தில் உங்கள் டிரைவின் பெயரைப் போடுங்கள்):

யூடிஸ்க்ஸ்சிடிஎல் மவுண்ட் -பி /டெவ்/எஸ்டிபி1

பழைய வழிகாட்டிகளில் "சுடோ மவுண்ட்" என்று தொடங்கும் கட்டளைதான் இருக்கும். அதை ஃபேட்32 டிரைவில் விருப்பங்கள் எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் இரண்டு தொல்லைகள் வரும். கோப்புகள் எல்லாம் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்குச் சொந்தமாகி, உங்களால் ஒன்றும் எழுத முடியாமல் போகும். தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள் கேள்விக்குறிகளாகவும் தெரியலாம். கேள்விக்குறியைப் பார்த்து "பெயர் அழிந்துவிட்டது" என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றத் தொடங்கிவிடாதீர்கள். பெயர்கள் பத்திரமாகவே இருக்கின்றன. அன்மவுண்ட் செய்துவிட்டு மேலே சொன்ன கட்டளையில் மவுண்ட் செய்தால் தமிழ் திரும்பிவிடும். சுடோ மவுண்ட்தான் வேண்டும் என்றால் -ஓ என்று போட்டு, யூஐடி=1000, ஜிஐடி=1000, யூடிஎஃப்8 ஆகிய மூன்றையும் இடைவெளியில்லாமல் காற்புள்ளியால் பிரித்துக் கொடுங்கள். கணினியில் முதலில் உருவாக்கிய பயனரின் எண் பொதுவாக 1000.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான வழிகாட்டிகளில் இது இருக்காது. எக்ஸ்ட்4-இல் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் மூன்று. "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஆக 15 பைட். கணக்குப் போட்டால் மொத்தம் 85 குறிகள்தான் பெயரில் அடங்கும். என்டிஎஃப்எஸ்ஸிலும் எக்ஸ்ஃபேட்டிலும் 255 குறிகள் வரை போகலாம். விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து நீளமான தமிழ்த் தலைப்புள்ள கோப்புகளை லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது "ஃபைல் நேம் டூ லாங்" என்று வந்தால் காரணம் இதுதான். பெயரைச் சுருக்கினால் போதும்.

எதிர்த் திசையிலும் ஒரு தடை இருக்கிறது. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரம், இரட்டை மேற்கோள், நிமிர்கோடு போன்றவை உள்ள பெயரை லினக்ஸ் ஏற்கும். ஃபேட்32-உம் எக்ஸ்ஃபேட்டும் ஏற்காது. "இன்வாலிட் ஆர்குமென்ட்" என்று வரும்.

விண்டோஸிலிருந்து வந்த டிஸ்க் திறக்காதபோது

புதியவர்களை அதிகம் பயமுறுத்துவது இது. விண்டோஸில் நேற்றுவரை நன்றாக இருந்த டிஸ்க், இன்று உபுண்டுவில் "ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்" என்று கத்துகிறது. படித்தால் டிஸ்க்கே போய்விட்டது போல இருக்கும். பெரும்பாலும் அப்படி இல்லை. டிமெஸ்கைப் பாருங்கள்: "வால்யூம் இஸ் டர்ட்டி" என்று ஒரு வரி இருந்தால், விண்டோஸில் பாதுகாப்பாகக் கழற்றாமல் பிடுங்கியதால் அந்த டிஸ்க்கில் "இன்னும் வேலை முடியவில்லை" என்ற அடையாளம் நின்றுவிட்டது என்று பொருள். 2021-இல் 5.15 கெர்னலுடன் வந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர், அந்த அடையாளம் இருக்கும் டிஸ்க்கில் எழுத மறுத்துவிடுகிறது. அது செய்வது சரிதான். அரைகுறையாக இருக்கும் டிஸ்க்கில் எழுதினால் உண்மையிலேயே கெட்டுப்போகும்.

விண்டோஸ் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தால் அதில் செருகி, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டிஸ்க் இ: என்று வந்திருந்தால் "சிகேடிஎஸ்கே இ: /எஃப்" என்று ஓட்டுங்கள். (முதல் எழுத்துகள் சி, எச், கே.) முடிந்ததும் பாதுகாப்பாகக் கழற்றுங்கள். ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் இன்னொரு காரணமும் சேரும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. பாதி உறக்கத்தில் இருக்கிறது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்கினால் முழுதாக அணையும். கண்ட்ரோல் பேனலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையே அணைத்துவிடுவது நிரந்தரத் தீர்வு.

விண்டோஸே இல்லையா? முதலில் படிக்க மட்டும் திறந்து, வேண்டியதை நகலெடுத்துக்கொள்ளுங்கள்:

சுடோ மவுண்ட் -ஓ ஆர்ஓ /டெவ்/எஸ்டிபி1 /எம்என்டி

நகல் பத்திரமான பிறகு அன்மவுண்ட் செய்து,

சுடோ என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் -டி /டெவ்/எஸ்டிபி1

என்று ஓட்டினால் அந்த அடையாளம் நீங்கும். இது சிகேடிஎஸ்கே செய்யும் முழுச் சோதனைக்கு ஈடாகாது. சின்னச் சின்னக் கோளாறுகளைச் சரிசெய்து கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். அதனால்தான் நகலை முதலில் எடுக்கச் சொல்கிறோம்.

ஃபார்மட் செய்யத்தான் வேண்டும் என்றால்

டிஸ்க்ஸ் செயலி உபுண்டுவிலும் மின்ட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. மின்ட்டில் பென் டிரைவுக்கென்றே யூஎஸ்பி ஸ்டிக் ஃபார்மேட்டர் தனியாக உண்டு. அது யூஎஸ்பி டிரைவ்களை மட்டுமே காட்டும் என்பதால் தவறுக்கு இடம் குறைவு.

1. டிஸ்க்ஸைத் திறந்து இடப்பக்கம் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். தயாரிப்பாளர் பெயரும் அளவும் கையில் இருக்கும் டிரைவோடு பொருந்துகின்றனவா என்று இரண்டு முறை பாருங்கள். வேறு வெளி டிஸ்க் ஏதும் செருகியிருந்தால் அதைக் கழற்றிவிட்டே இந்த வேலையில் இறங்குங்கள்.

2. மேலே மூன்று புள்ளி மெனுவில் "ஃபார்மட் டிஸ்க்". பார்ட்டிஷன் வகை கேட்கும். பென் டிரைவ், கார் ஸ்டீரியோ, பழைய டிவி என்றால் எம்பிஆர். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் கட்டாயம் ஜிபிடி, எம்பிஆரால் அதற்கு மேல் எட்ட முடியாது.

3. நடுவில் காலியாகத் தெரியும் பட்டையைத் தேர்ந்து, கூட்டல் குறியை அழுத்தி, முழு அளவையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

4. பெயர் கொடுங்கள், ஃபேட்32-க்கு 11 எழுத்துக்குள், ஆங்கிலத்தில். "ஃபேட்", "என்டிஎஃப்எஸ்", "எக்ஸ்ட்4" நேராகத் தெரியும். எக்ஸ்ஃபேட் "அதர்" என்பதற்குள் இருக்கும். "இரேஸ்" என்பதை அணைத்தே வையுங்கள். அதை இயக்கினால் முழு டிரைவிலும் எழுதி அழிக்கும். பெரிய டிஸ்க்கில் பல மணி நேரம் ஓடும்.

லினக்ஸ் இன்ஸ்டால் செய்ய ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் வட்டின் நகல் கோப்பு) எழுதிய பென் டிரைவ், பிறகு சில மெகாபைட்தான் இருப்பது போலக் காட்டும், விண்டோஸும் அதைச் சரியாகப் படிக்காது. டிரைவ் கெடவில்லை. ஐஎஸ்ஓவின் பழைய அடையாளங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சுடோ வைப்எஃப்எஸ் -ஏ /டெவ்/எஸ்டிபி என்று ஓட்டி, பிறகு மேற்சொன்ன படிகளைச் செய்தால் முழு அளவும் திரும்பும். இது கேள்வி கேட்காமல் அழிக்கும் கட்டளை. எழுத்து ஒன்று மாறினால் வேறு டிஸ்க் போய்விடும். என்டர் தட்டும் முன் எல்எஸ்பிஎல்கேயை மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

எக்ஸ்ட்4 டிஸ்க்கை டெர்மினலிலோ ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் செயலியிலோ உருவாக்கினால் அது ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கும். "பர்மிஷன் டினைடு" என்று வரும். மவுண்ட் ஆன பிறகு அந்த ஃபோல்டருக்கு ஒருமுறை சுடோ சிஎச்ஓன் (சி, எச், ஓ, டபிள்யூ, என்) கட்டளையால் உங்களை உரிமையாளர் ஆக்கினால் தீர்ந்தது. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் டிரைவ்களில் இந்தக் கட்டளை எடுபடாது. அவற்றில் உரிமை என்ற ஒன்றே பதிவதில்லை. மவுண்ட் செய்யும்போது கொடுக்கும் யூஐடிதான் முடிவுசெய்கிறது.

கழற்றுவது

இந்தப் பகுதியை நின்று படியுங்கள். "நகலெடுத்தேன், ஊருக்குப் போய்ப் பார்த்தால் வீடியோ ஓடவில்லை" என்று வரும் புகார்களுக்கு வேர் பெரும்பாலும் இங்கேதான்.

லினக்ஸில் 3 ஜிபி கோப்பைப் பென் டிரைவில் போடும்போது முன்னேற்றப் பட்டை சில விநாடிகளில் பாய்ந்து ஓடி, கடைசியில் நின்றுகொண்டே இருக்கும். அல்லது முடிந்துவிட்டது என்றே சொல்லிவிடும். உண்மையில் கோப்பு சென்றது நினைவகத்துக்கு. அங்கிருந்து கெர்னல் தன் வேகத்தில் பென் டிரைவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டதற்கும் அது போய்ச் சேர்ந்ததற்கும் நடுவில் இருக்கும் நேரம் அது. நொடிக்கு 10 மெகாபைட் எழுதும் டிரைவுக்கு 3 ஜிபி எழுத ஐந்து நிமிடம் ஆகும். பட்டை என்ன காட்டினாலும் அந்த ஐந்து நிமிடம் ஆகியே தீரும்.

ஆகவே ஃபைல் மேனேஜரில் டிரைவின் பெயருக்கு அருகிலுள்ள எஜெக்ட் குறியை அழுத்தி, "கழற்றலாம்" என்ற அறிவிப்பு வரும்வரை காத்திருங்கள். டெர்மினலில் சிங்க் என்று தட்டினால் (எஸ், ஒய், என், சி) எழுத வேண்டியது எல்லாம் எழுதி முடிந்த பிறகுதான் அடுத்த வரி வரும். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு அன்மவுண்ட் மட்டும் போதாது. அதன் மோட்டாரும் நிற்க வேண்டும்:

யூடிஸ்க்ஸ்சிடிஎல் அன்மவுண்ட் -பி /டெவ்/எஸ்டிபி1
யூடிஸ்க்ஸ்சிடிஎல் பவர்-ஆஃப் -பி /டெவ்/எஸ்டிபி

முதல் வரியில் பார்ட்டிஷன், இரண்டாவதில் முழு டிரைவ். சுடோவுடன் வரும் பழைய கட்டளை வேறு மாதிரி: அதன் பெயர் யூமவுண்ட். அதில் யூ-வுக்கு அடுத்து என் என்ற எழுத்தே கிடையாது. "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் அங்கே பாருங்கள்.

"டார்கெட் இஸ் பிசி" என்று மறுத்தால் ஏதோ ஒரு செயலி அந்த டிரைவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீடியோ பிளேயரை மூடுங்கள். டெர்மினலே அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சிடி என்று மட்டும் தட்டினால் வெளியே வந்துவிடும். இன்னும் பிடிபடவில்லை என்றால் எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளைக்குப் பின் மவுண்ட் ஆன ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். பிடித்திருக்கும் செயலியின் பெயர் வரும்.

திடீரென்று எழுத முடியாமல் போனால்

மெமரி கார்டு என்றால் அடாப்டரின் ஓரத்திலுள்ள சின்னப் பூட்டை முதலில் பாருங்கள். கீழே தள்ளியிருந்தால் எழுத விடாது.

பென் டிரைவ் என்றால் ஃபைல் சிஸ்டத்தில் பிழை கண்ட கெர்னல், மேலும் கெடாமல் இருக்க அதைப் படிக்க மட்டும் என்று மாற்றியிருக்கும். அன்மவுண்ட் செய்து, ஃபேட்32-க்கு சுடோ எஃப்எஸ்சிகே.விஃபேட் -ஏ, எக்ஸ்ஃபேட்டுக்கு சுடோ எஃப்எஸ்சிகே.எக்ஸ்ஃபேட் என்று, பார்ட்டிஷன் பெயரைச் சேர்த்து ஓட்டுங்கள். மவுண்ட் ஆகியிருக்கும்போது இவற்றை ஓட்டவே கூடாது. சரிசெய்த பின்னும், புதிதாக ஃபார்மட் செய்த பின்னும் அது மீண்டும் படிக்க மட்டும் என்றே நின்றால் டிரைவின் சிப் ஆயுள் முடிந்து தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கலாம். உள்ளதை நகலெடுத்துவிட்டுப் புதியது வாங்குங்கள்.

பிரிண்ட் கடையில் போட்டு வந்த பென் டிரைவில் ஃபோல்டர்கள் காணாமல் போய், எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அது விண்டோஸ் வைரஸ். அது உங்கள் கோப்புகளை அழிப்பதில்லை, விண்டோஸில் தெரியாதபடி மறைக்கிறது. லினக்ஸ் அந்த மறைப்பைப் பொருட்படுத்தாது; உண்மையான ஃபோல்டர்கள் அப்படியே தெரியும். சிலவேளை பெயரே இல்லாதது போன்ற ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் போய் இருக்கும். கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு, எல்என்கே, விபிஎஸ் என்று முடியும் கோப்புகளையும் ஆட்டோரன் கோப்பையும் நகலில் சேர்க்காமல், டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். ஃபார்மட் சரியான மருந்தாகும் இடம் இது.

எப்போதும் செருகியிருக்கும் டிஸ்க்

பேக்கப் டிஸ்க் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மவுண்ட் ஆக வேண்டுமா? டிஸ்க்ஸ் செயலியில் பார்ட்டிஷனைத் தேர்ந்து, பல்சக்கரக் குறியில் "எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ்" போய், மேலே உள்ள இயல்புநிலையை அணைத்து, மவுண்ட் பாயின்ட்டைக் கொடுங்கள். அடையாளமாக யூயூஐடியைத் தேர்ந்தெடுங்கள். எஸ்டிபி என்ற பெயர் நாளை எஸ்டிசி ஆகலாம், யூயூஐடி மாறாது. விருப்பங்கள் வரியில் நோஃபெயில் என்ற சொல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இல்லாவிட்டால், டிஸ்க்கைச் செருகாமல் கம்ப்யூட்டரைப் போடும் நாளில் லினக்ஸ் ஒன்றரை நிமிடம் அதற்காகக் காத்திருந்து, பிறகு எமர்ஜென்சி மோடு என்ற கறுப்புத் திரையில் நின்றுவிடும். சேமித்ததும் சுடோ மவுண்ட் -ஏ என்று ஓட்டுங்கள். பிழை இருந்தால் ரீஸ்டார்ட் செய்யும் முன்பே தெரிந்துவிடும்.

போலிக் கொள்ளளவும் சாகும் டிஸ்க்கும்

நடைபாதையிலோ ஆன்லைனிலோ நம்ப முடியாத விலைக்கு வரும் 1 டிபி பென் டிரைவ்களில், உள்ளே 16 அல்லது 32 ஜிபி சிப்பை வைத்து, 1 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றியவை உண்டு. முதல் சில ஜிபி ஒழுங்காகப் பதியும். அதன் பிறகு எழுதுவது எங்கும் சேராது, அல்லது பழையதன் மேலேயே விழும். எல்எஸ்பிஎல்கேயால் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அதனிடமும் டிரைவ் பொய்தான் சொல்கிறது. எஃப்3 என்ற பொதியை நிறுவி, காலி டிரைவை மவுண்ட் செய்து, எஃப்3ரைட், பிறகு எஃப்3ரீட் என்று இரண்டையும் மவுண்ட் ஆன பாதையோடு ஓட்டுங்கள். முழு டிரைவையும் நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நொடிக்கு 20 மெகாபைட் எழுதும் 64 ஜிபி டிரைவுக்கு எழுத மட்டும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். திருப்பித் தரும் நாள் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையை டிஸ்க்ஸ் செயலியின் மூன்று புள்ளி மெனுவில் "ஸ்மார்ட் டேட்டா" காட்டும். கேஸிங் தகவலை மறைத்தால் ஸ்மார்ட்மான்டூல்ஸ் பொதியை நிறுவி சுடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ -டி சாட் /டெவ்/எஸ்டிபி என்று கேளுங்கள். வரும் பட்டியலில் 5, 197 என்ற எண்ணுள்ள இரண்டு வரிகளின் மூலமதிப்பு (ரா வேல்யூ) பூஜ்யமாக இருக்க வேண்டும்; 197 ஏறிக்கொண்டே போனால் படிக்க முடியாத இடங்கள் பெருகுகின்றன. 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், கேபிளையோ கேஸிங்கையோ மாற்றுங்கள்.

சாகும் டிஸ்க்கில் எஃப்எஸ்சிகேயும் சிகேடிஎஸ்கேயும் ஓட்டக் கூடாது; அவை டிஸ்க்கை முழுக்க அலைக்கழித்து மிச்ச உயிரையும் வாங்கிவிடும். மவுண்ட் செய்யாமல், அதே அளவோ கூடுதலோ காலி இடமுள்ள இன்னொரு டிஸ்க்கைச் செருகி, ஜிடிடிரெஸ்க்யூ என்ற பொதியை நிறுவுங்கள். கட்டளையின் பெயர் டிடிரெஸ்க்யூ. அந்தக் காலி டிஸ்க்கின் ஃபோல்டருக்குள் போய் நின்று:

சுடோ டிடிரெஸ்க்யூ -என் /டெவ்/எஸ்டிபி நகல்.ஐஎம்ஜி நகல்.மேப்

நல்ல இடங்களை முதலில் வேகமாக எடுத்துவிட்டு, கெட்ட இடங்களை மேப் கோப்பில் குறித்துக்கொள்ளும். நடுவில் நின்றாலும் அதே கட்டளை விட்ட இடத்திலிருந்து தொடரும். அது முடிந்த பிறகு -என் என்பதற்குப் பதில் -ஆர்3 என்று மாற்றி ஓட்டினால், கெட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயன்று பார்க்கும். மீட்பு வேலை எதுவானாலும் இனி அந்த நகல் கோப்பில்தான். பழைய டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். உரசும் சத்தம் கேட்டாலோ, டிஸ்க் சுழலவே இல்லை என்றாலோ இதையும் ஓட்டாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள். எவ்வளவு ஆகும் என்பதையும் மீளாவிட்டால் கட்டணம் உண்டா என்பதையும் டிஸ்க்கைக் கையில் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.